மதகடியில் என் மகனைத் தாங்கிய உங்களுக்கு நன்றி

நீடாமங்கலம் பக்கத்து எங்கள் ஊர் மக்களுக்கும், அன்றைக்கு மதகடியில் துணைநின்ற வெளியூர்க்காரர்களுக்கும் வணக்கம்.

மேட்டூர் திறந்து வெண்ணாற்றில் புதுத் தண்ணீர் வந்துவிட்டால் பிள்ளைகளை வீட்டில் பிடித்துவைக்க முடியாது. என் மகனும் சேக்காளிகளோடு போனான். மதகுக் கட்டையிலிருந்து தலைகீழாகக் குதித்தான். கலங்கலில் ஆழம் தெரியவில்லை, இடுப்பளவுத் தண்ணீர்தான். தலை தரையில் முட்டிக் குப்புற மிதந்தான்.

வரப்பு வெட்டிக்கொண்டிருந்த அண்ணன்மார் இருவரும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு இறங்கினீர்கள். கரையில் நின்ற நர்சிங் படிக்கும் தங்கச்சி, "கையைப் பிடிச்சு இழுக்காதீங்க, தலையும் முதுகும் சேர்ந்தாப்புல திரும்பணும்" என்று கத்திக்கொண்டே தானும் குதித்திருக்கிறது. அவன் கைகளைத் தலைக்கு மேல் நீட்டி, இரு காதோடும் அழுத்திப் பிடித்து, உடம்பை ஒரே வாக்கில் மல்லாத்தினீர்கள்.

அதற்கப்புறம் நீங்கள் செய்ததுதான் பெரிது. கண் விழித்தவன் விரலெல்லாம் மரத்துப்போனதாகச் சொன்னான். கூட்டத்தில் பாதிப்பேர் "தூக்கித் தோள்ல போடு, பைக்ல கொண்டுபோயிடலாம்" என்றார்கள். பதற்றத்தில் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் தங்கச்சி அசையவில்லை. மூச்சு நின்றால் கழுத்தைப் பார்க்காமல் உடனே கரையேற்ற வேண்டும், மூச்சு சீராக இருக்கும்வரை தண்ணீரிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டது. அதன் இரண்டு உள்ளங்கையும் அவன் தலைக்கு இருபுறமும். அண்ணன்மார் கைகள் முதுகுக்கும் இடுப்புக்கும் அடியில். 108 வரும்வரை அப்படியே நின்றீர்கள். யாரோ நீட்டிய சோடாவையும் வேண்டாம் என்று தடுத்தது. படுத்த நிலையில் புரை ஏறலாம், வாந்தி எடுத்தால் கழுத்து ஆடிவிடும், ஆபரேஷன் தேவைப்பட்டால் வயிறு காலியாக இருக்க வேண்டும்.

அவன் பயப்படாமலிருக்க ஏதேதோ கேட்டுக்கொண்டே இருந்தது. அவன் தலையாட்டப் போகும்போதெல்லாம், "ஆட்டாதே கண்ணு, வாயால சொல்லு" என்று சொன்னதாம். அதை இன்றைக்கும் வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

108 ஊழியர்கள் கழுத்துக்குக் காலர் போட்டு, தண்ணீருக்குள்ளேயே பலகையை அடியில் செருகி, தலை, நெஞ்சு, இடுப்பு, கால் என்று வார்கட்டி, ஒரே சமயத்தில் எல்லாரும் தூக்கிக் கரையேற்றினார்கள். அவர்களுக்கும் திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை டாக்டர்களுக்கும் எங்கள் வணக்கம்.

கழுத்திலுள்ள 7 எலும்புகளில் ஐந்தாவதில் முறிவு. உள்ளே போகும் தண்டுவடம் நசுங்காமல் தப்பியிருக்கிறது. அலைக்கழித்துத் தூக்கியிருந்தால் கைகால் விழுந்திருக்கலாம், மூச்சுக்கே கேடு வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது என் மனைவி உங்கள் மூவரையும் நினைத்து அழுதுவிட்டாள். பெற்ற எங்களால் செய்ய முடியாததை நீங்கள் செய்தீர்கள். இப்போது எழுந்து நடக்கிறான், விரல் மரமரப்பும் குறைந்துகொண்டு வருகிறது.

மதகுச் சுவரில் 'இங்கே குதிக்காதீர்' என்று பெயின்ட் அடித்த ஊர் இளைஞர்களுக்கும் நன்றி. மழையில் அழிந்தால் சொல்லுங்கள், பெயின்ட் செலவு என்னுடையது.

ஆற்றங்கரைப் பாதையில் நின்ற டிராக்டரை வயலுக்குள் இறக்கி ஆம்புலன்ஸுக்கு வழிவிட்ட தம்பி யாரென்று மட்டும் இன்னும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் தகவல் சொல்லுங்கள், குடும்பத்தோடு வந்து பார்க்கிறோம்.