பெட்டி முதலில், பாம்பு பிறகு

கிருஷ்ணகிரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

லீட்ஸில் கார்ன் ஸ்நேக் வாங்கப் போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து அம்மா முகமே சரியில்லை. விஷம் கிடையாது, முழுசாக வளர்ந்தாலும் பெரும்பாலும் நாலைந்து அடிதான், நம்ம சாரைப்பாம்பை விடச் சின்னது என்று சொல்லி வைத்திருக்கிறேன். இங்கே சாரையைப் பிடித்து வீட்டில் வைத்தால் 1972ஆம் வருட வனவிலங்குச் சட்டம் பாயும். இங்கிலாந்தில் கார்ன் ஸ்நேக்குக்கு லைசென்ஸ் தேவையில்லை. அதனால் தாராளமாக வாங்கு. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்: பெட்டியை முழுசாகச் செட் பண்ணி, பாம்பில்லாமலே ஒரு வாரம் ஓடவிடு. ராத்திரியும் பகலும் சூடு நிலையாக நிற்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு பாம்பைக் கொண்டு வா. இரண்டையும் ஒரே சனிக்கிழமை வாங்கி வருகிறவர்கள் அடுத்த ஒரு மாதம் சூட்டோடு மல்லுக்கட்டுவார்கள். பாம்பு அதுவரை எலியைத் தொடாமல் சுருண்டு கிடக்கும்.

பாம்புக்கு உடம்புச் சூடு சொந்தமாகக் கிடையாது. தின்றது செரிக்கவும், நோய் அண்டாமல் இருக்கவும் வெளியிலிருந்துதான் சூடு வர வேண்டும். நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில் என்றால் எப்படிக் குளிர வைப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கும். உனக்கு நேர்மாறு. ஹீட்டிங்கை அணைத்துவிட்டுப் படுத்தால் விடியற்காலை அறை 16, 17 டிகிரிக்கு வந்துவிடும். பெட்டியின் ஒரு கோடியில் 30 டிகிரி, மறுகோடியில் 23. ராத்திரியில் எந்த மூலையும் 20க்குக் கீழே இறங்கக் கூடாது. நடுவில் தனக்கு வேண்டிய இடத்தைப் பாம்பு தானே தேடிக்கொள்ளும். பெட்டி முழுக்க ஒரே 28 என்று வைத்துவிட்டால் அதற்குப் போக்கிடம் இல்லாமல் போகிறது.

முன்பக்கம் நகரும் கண்ணாடி வைத்த மரப்பெட்டியாக வாங்கு. 120 செ.மீ. நீளம், 60 அகலம், 60 உயரம். நாலு பக்கமும் கண்ணாடியாக இருந்தால் அந்த ஊர்க் குளிரில் சூடு நிற்காது. சூட்டுக்குக் கீழே விரிக்கும் ஹீட் மேட் வேண்டாம். அது தன் மேலே படுத்திருக்கும் வயிற்றைத்தான் சுடவைக்கும், காற்றைச் சூடாக்காது. வெளிச்சம் இல்லாமல் சூடு மட்டும் தரும் 100 வாட் சிராமிக் பல்ப்பை மேல்பலகையில் ஒரு கோடியில் மாட்டு. ஹோல்டரும் சிராமிக்காக இருக்கட்டும், பிளாஸ்டிக் உருகிவிடும். பல்ப்பைச் சுற்றிக் கம்பிக் கூடு கட்டாயம். சூட்டைத் தேடி பாம்பு பல்ப்பிலேயே போய்ச் சுற்றிக்கொள்ளும், தோல் வெந்தாலும் சட்டென்று விலகாது.

சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் அந்த பல்ப்பை ஒரு மணி நேரம்கூடப் போடாதே. சிராமிக் பல்புக்குப் பல்ஸ் வகை தெர்மோஸ்டாட் சரியாக இருக்கும். வெளிச்சம் தரும் ஹாலஜன் பல்ப் என்றால் டிம்மிங் வகை வேண்டும். தெர்மோஸ்டாட்டின் சென்சார் ஒயரைச் சூடான கோடியில், பாம்பு படுக்கும் உயரத்தில் வை. இங்கேதான் பெரும்பாலான விபத்து நடக்கிறது. சென்சார் நழுவிக் குளிர்ந்த பக்கம் போனாலோ, தண்ணீர்த் தட்டில் விழுந்தாலோ, தெர்மோஸ்டாட் பெட்டி குளிர்ந்துவிட்டது என்று எண்ணி பல்ப்பை முழுவேகத்தில் எரிய விடும். ஒயரைக் கிளிப்பும் ஆணியும் வைத்துப் பலகையோடு பிடித்துவிடு. செலோடேப் மட்டும் பெட்டிக்குள் ஒரு துண்டுகூட இருக்கக் கூடாது. டேப்பில் ஒட்டிக்கொண்ட பாம்பு திமிறும்போது செதிலோடு தோல் உரிந்து வரும். எப்போதாவது ஒட்டிவிட்டால் பிய்க்காதே. சமையல் எண்ணெயைத் தடவி, பசை இளகும்வரை பொறுத்து, தலையிலிருந்து வால் பக்கமாக மெல்ல எடு.

தெர்மோஸ்டாட்டில் தெரியும் எண்ணை நம்பி விட்டுவிடாதே. இரண்டு டிஜிட்டல் தெர்மாமீட்டர் தனியாக வாங்கி, கோடிக்கு ஒன்றாக வை. கண்ணாடியில் ஒட்டும் பட்டைத் தெர்மாமீட்டர் வீண்காசு, அது கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும். ஈரப்பதம் காட்டும் மீட்டர் ஒன்றும் வேண்டும், 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் போதும்.

வெளிச்சத்துக்குப் பகலில் 12 மணி நேரம் எரியும் விளக்கு போதும். குறைந்த சக்தி யூவி டியூப் ஒன்று சேர்த்துக்கொண்டால் நல்லது. ராத்திரிக்கு சிவப்பு பல்ப், நீல பல்ப் என்று கடையில் நீட்டினால் வேண்டாம் என்று சொல்.

அடியில் ஆஸ்பென் மரச்சீவல் 7, 8 செ.மீ. கனத்துக்குப் போடு, பாம்பு அதைக் குடைந்து குடைந்து உள்ளே போகும். பைன், சீடார் சீவல் மணமாக இருக்கும், அந்த எண்ணெய்தான் பாம்பின் நுரையீரலைக் கெடுக்கும். ஒளிவதற்கு ஒரே மாதிரி இரண்டு குகை, கோடிக்கு ஒன்று. உள்ளே சுருண்டால் முதுகும் விலாவும் சுவரில் படும் அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். விசாலமான குகை அதற்குப் பாதுகாப்பாகத் தோன்றாது. சூடான பக்கத்தில் மட்டும் குகை வைத்தால் பயத்தில் அங்கேயே கிடந்து வெந்துபோகும், குளிர்ந்த பக்கத்தில் மட்டும் வைத்தால் செரிக்காமல் கக்கும். நடுவில் மூடி போட்ட டப்பாவில் ஒரு ஓட்டை வெட்டி, ஈரப்பாசியைப் பிழிந்து வைத்துவிடு, தோலுரிக்கும் நாளில் அதில்தான் இருக்கும். மிச்ச இடத்தைக் கார்க் மரப்பட்டை, ஏறுவதற்குக் கிளைகள், பிளாஸ்டிக் இலைகள் என்று நிரப்பு. வெறும் தரை தெரியாமல் இருந்தால் நல்லது.

இனி தப்பிப்பது. கார்ன் ஸ்நேக்கைப் போலத் தப்பிக்கத் தெரிந்த பாம்பு குறைவு. மண்டை நுழைந்தால் உடம்பும் நுழையும். இரண்டு கண்ணாடியும் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தில் இருக்கும் இடுக்கு, ஒயர் போகும் ஓட்டை, காற்றுத் துளை, மூன்றையும் விரலால் தடவிப் பார். உன் சுண்டுவிரல் நுனி போகிற இடத்தை அடைத்துவிடு. கண்ணாடிக்குப் பூட்டு போடு, வெறுமனே தள்ளிச் சாத்தினால் ராத்திரியில் மூக்காலேயே நகர்த்தித் திறந்துவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே அப்போதுதான் முட்டையிலிருந்து வந்த குட்டியை வாங்காதே என்பேன். அது பென்சில் கனம்தான் இருக்கும். ஒரு வயது நிரம்பிய, இரண்டடி அளவில் இருக்கிற பாம்பைக் கேள். விலை கொஞ்சம் கூடும், ஆனால் ஒழுங்காகத் தின்னப் பழகியிருக்கும். எப்போது பொரித்தது, கடைசி ஐந்து தீனி என்றைக்கு, என்ன அளவு என்று எழுத்தில் வாங்கு. சன்கிஸ்டு என்கிற நிற வகை அழகாக இருக்கிறது என்று ஆசைப்பட்டால், ஸ்டார்கேசர் குறை இல்லாத வம்சம்தானா என்று கேட்டுக்கொள். அந்தக் குறை உள்ள பாம்பு தலையை மேலே திருப்பிக்கொண்டு நிலைதடுமாறும், வைத்தியம் கிடையாது. ஜோடியாக வாங்காதே. கார்ன் ஸ்நேக் தனியாக வாழும் ஜீவன், ஒன்றை ஒன்று விழுங்குவதும் உண்டு.

கொண்டுவந்த பிறகு ஒரு வாரம் கையே வைக்காதே. தண்ணீர் மட்டும் மாற்று. தட்டு கனமாக, குளிர்ந்த பக்கத்தில், பாம்பு உள்ளே சுருளும் அளவுக்கு இருக்கட்டும். வெள்ளிக்கிழமை கொஞ்சம் பால் வைக்கச் சொல் என்கிறாள் அம்மா. புற்றுக்கு ஊற்றுவது அவள் நம்பிக்கை, அதை நான் தடுக்கவில்லை. ஆனால் பாம்புக்குப் பால் செரிக்காது, பேதியாகும். தண்ணீர் மட்டும்தான்.

ஒரு வாரம் கழித்து முதல் எலி. உயிரோடு போடாதே, எலி திருப்பிக் கடித்துக் கண்ணைக் கெடுத்துவிடும். அங்கே கடையில் உறையவைத்த எலி அளவு வாரியாகக் கிடைக்கும். பாம்பின் உடம்பில் மிகத் தடித்த இடம் எவ்வளவோ அவ்வளவு தடிமன், எடையில் பத்தில் ஒரு பங்கு. 80 கிராம் பாம்புக்கு 8 கிராம் எலி, வாரத்துக்கு ஒன்று. முழுசாக வளர்ந்த பிறகு 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை பெரிய எலி. முதல் நாள் ராத்திரி பிரிட்ஜின் கீழ்த்தட்டில் மூடிய டப்பாவில் வைத்து இளகவிடு. கொடுப்பதற்கு முன் பிளாஸ்டிக் பையில் போட்டு வெந்நீரில் அமுக்கி, கைச்சூட்டை விடக் கொஞ்சம் கூடுதலாகச் சூடாக்கு. மைக்ரோவேவில் வைத்தால் வெளியே வெந்து உள்ளே உறைந்திருக்கும், சில சமயம் வெடிக்கும். நீளமான இடுக்கியால் பிடித்துக் கொடு. கையால் கொடுத்துப் பழக்கினால் கை வந்தாலே எலி என்று நினைக்கும்.

தின்ற பிறகு 48 மணி நேரம் தூக்காதே. கக்கிவிட்டால் பதறி உடனே இன்னொரு எலி கொடுக்காதே. வயிற்று அமிலம் தொண்டையைப் புண்ணாக்கியிருக்கும், செரிக்கும் நீரும் வெளியேறியிருக்கும். 10 முதல் 14 நாள் வெறும் தண்ணீர், பிறகு பாதி அளவு எலி. பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று: சூடு போதவில்லை, எலி பெரிது, சீக்கிரம் தூக்கிவிட்டாய். மூன்றும் சரியாக இருந்தும் இரண்டாம் முறை கக்கினால் எச்சத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போ. நாய், பூனை பார்க்கிற எல்லோரும் பாம்பு பார்க்க மாட்டார்கள். அதனால் யார் பார்ப்பார்கள் என்று இப்போதே விசாரித்து நம்பரை வைத்துக்கொள்.

கண் நீலம் பாய்ந்து மங்கினால் நோய் என்று பயப்படாதே, தோலுரிக்கப் போகிறது. அந்த நாட்களில் தின்னாது, எரிச்சலாகவும் இருக்கும், விட்டுவிடு. உரித்த தோலை விரித்து இரண்டு கண்ணையும் மூடியிருந்த தோலும் வால்நுனியும் வந்திருக்கிறதா என்று பார். துண்டு துண்டாக வந்திருந்தால் ஈரம் போதவில்லை, ஹீட்டிங் ஓடும் வீட்டில் இது அடிக்கடி நடக்கும். வாயைத் திறந்தபடி மூச்சு விடுவது, மூக்கில் குமிழி, இரண்டும் குளிரும் ஈரமும் சேர்ந்து வரும் சளி. தானாகச் சரியாகும் என்று காத்திருக்காதே. பகலெல்லாம் தண்ணீர்த் தட்டிலேயே கிடந்தால் தண்ணீரில் கடுகை விடச் சின்ன கறுப்புப் புள்ளிகள் மிதக்கிறதா என்று பார், அது உண்ணி.

பாம்பைத் தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவு, சால்மொனெல்லா கிருமி எந்தப் பாம்பிடமும் இருக்கலாம். தட்டையும் குகையையும் சமையலறைத் தொட்டியில் கழுவாதே.

மாம்பழ சீசனுக்கு மூன்று வாரம் இங்கே வருவாய் அல்லவா, அப்போது யார் வந்து பார்ப்பார்கள் என்பதை வாங்குவதற்கு முன்பே பேசி வை. இது 15, 20 வருஷம் கூட இருக்கப் போகிற ஜீவன். ஒரு வயது தாண்டிய ஆரோக்கியமான பாம்பு இரண்டு தீனி தவறினால் ஒன்றும் ஆகாது. பார்த்துக்கொள்ள வருகிறவர் எலி கொடுக்கப் பயந்தால் விட்டுவிடலாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றி, இரண்டு தெர்மாமீட்டரையும் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல். சரியான எண் என்ன, கூடினாலும் குறைந்தாலும் எந்த சுவிட்ச் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பெட்டியின் வெளிப்பக்கம் மாட்டிவிட்டு வா.

அன்புடன்,
அப்பா