பேட்டியா, விளம்பரமா? வாசகருக்குச் சொல்லிவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த பின்னணிப் பாடகரின் பேட்டியை இரண்டு தடவை வாசித்தேன். இரண்டு முழுப் பக்கம், ஐந்து வண்ணப் படம். கொழும்பு ரசிகர்கள் தன் உயிர் என்கிறார். எங்கள் சாப்பாடு பிடிக்கும் என்கிறார். தான் பாடிய இசையமைப்பாளர்கள் எல்லோருமே மேதைகள் என்கிறார். இத்தனை வருடமாகப் பாடுகிற ஒருவரிடம் பாட்டைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. அப்புறம் பக்கத்தைப் புரட்டினேன். அதே பாடகரின் இசை நிகழ்ச்சிக்கு முழுப்பக்க விளம்பரம். அதன் அடியில், அனுசரணையாளர் வரிசையில், 'ஊடக அனுசரணை' என்று உங்கள் பத்திரிகையின் இலச்சினை.

அனுசரணை கொடுப்பது குற்றம் என்று சொல்ல வரவில்லை. 2022 இல் கடதாசித் தட்டுப்பாட்டால் இங்கே சில பத்திரிகைகள் அச்சையே நிறுத்தியதைப் பார்த்தவர்கள் நாங்கள். விளம்பரம் இல்லாமல் ஞாயிறு இதழ் வராது, சரி. ஆனால் அந்த இரண்டு பக்கத்தையும் பேட்டி என்று நம்பித்தான் நான் வாசித்தேன். நிகழ்ச்சியில் பத்திரிகைக்கும் பங்கு உண்டு என்று அடியில் ஒரு வரி போட்டிருந்தால் வேறு கண்ணோடு வாசித்திருப்பேன்.

இதை இவ்வளவு மனவருத்தத்தோடு எழுதக் காரணம் இருக்கிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் நானும் ஒரு வார இதழுக்குக் கலைச்செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். சம்பளம் இல்லை, பஸ் காசு தருவார்கள். தமிழகத்திலிருந்து ஒரு பாடகி நிகழ்ச்சிக்கு வந்திருந்தார். ஹோட்டல் அறையில் கொத்தமல்லி அவித்த தண்ணீரை ஃப்ளாஸ்கிலிருந்து ஊற்றி ஊற்றிக் குடித்தபடி ஒரு மணிநேரம் என்னோடு கதைத்தார். நான் கேட்காமலே சொன்னார்: "முன்பு ஐந்து கட்டைச் சுருதியில் பாடியதையெல்லாம் இப்போது நாலரைக்கு இறக்கிக்கொண்டேன், தம்பி. மேலே போனால் குரல் மெலிகிறது. இறக்கின பிறகுதான் சொல்லை நின்று நிதானமாகப் பாட முடிகிறது." சொல்லிவிட்டு ஒரு பழைய பாட்டின் முதல் வரியை இரண்டு சுருதியிலும் மெல்லப் பாடியும் காட்டினார்.

நான் எழுதிக் கொடுத்ததை அச்சுக்குப் போகுமுன் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் வாங்கிப் பார்த்தார். அந்தப் பந்தி முழுவதையும் சிவப்புப் பேனையால் வெட்டினார். "டிக்கட் விக்கிற நேரத்தில குரல் இறங்கிட்டுது எண்டா எழுதுறது?" என்றார். எனக்கு இருபத்திரண்டு வயது. தலையாட்டிவிட்டு வந்தேன். இதழில் தேன்குரல், தெய்வீகம் எல்லாம் வந்தது. அவர் சொன்ன ஒரே உண்மையான விஷயம் வரவில்லை. நிகழ்ச்சியன்று என் பின்வரிசையில் இருந்தவர்கள், "சுருதியைக் குறைச்சு ஏமாத்துறா" என்று கடைசிவரை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பந்தி வந்திருந்தால் அவர்கள் அன்று வேறு விதமாகக் கேட்டிருப்பார்கள். வெட்டியதால் நஷ்டப்பட்டவர் அந்தப் பாடகிதான்.

கலைஞரும் பத்திரிகையும் நெருக்கமாக இருக்கவே கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கலாம். கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய இசை விமர்சனங்களை என் தகப்பனார் தேடித் தேடி வாசித்தவர். அதே கல்கி 1941 இல் சதாசிவத்தோடு சேர்ந்து சொந்தச் சஞ்சிகை தொடங்கியபோது, அதற்கான முதலுக்காகத்தான் சதாசிவத்தின் மனைவியான பாடகி எம். எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதர் வேடம் போட்டார். ஒரு பாடகியின் உழைப்பில் எழுந்த சஞ்சிகை! ஆனாலும் சதாசிவம் யார், எம். எஸ். யார் என்பது ஒளிக்கப்பட்ட விஷயமல்ல. வாசகர் அதைத் தெரிந்துகொண்டே வாசித்தார். நான் கேட்பதும் அதைத்தான்.

பகையாகப் போனால் எங்கே முடியும் என்பதையும் அதே சென்னை பார்த்தது. நட்சத்திரங்களின் அந்தரங்கத்தை எழுதிப் பிழைத்த லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் குத்திக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் சிறைக்குப் போன தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும், வழக்கு பிரிவி கவுன்சில் என்ற லண்டன் மேல்முறையீட்டு மன்றம்வரை போய், 1947 இல்தான் விடுதலையானார்கள். பாகவதரின் படங்கள் அதற்குப் பிறகு பழையபடி ஓடவில்லை. அந்த மாதிரி எழுத்து எங்களுக்கு வேண்டாம். வம்பு எழுதுவதையும் கேள்வி கேட்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, கேள்வியையே கைவிட்டுவிடுகிறோமோ என்பதுதான் என் பயம்.

கேள்வி கேட்கிறவரும் நேர்மையாக இருக்கவேண்டும். 2010 இல் நியூயோர்க் டைம்ஸின் சஞ்சிகை எங்கள் மாதங்கி அருள்பிரகாசத்தை, அதாவது எம். ஐ. ஏ. என்ற பெயரில் பாடும் இங்கிலாந்துப் பாடகியை, பெரிய கட்டுரையாக எழுதியது. விலையுயர்ந்த காளான் வாசனை சேர்த்த உருளைக்கிழங்குப் பொரியலைச் சாப்பிட்டுக்கொண்டே தான் ஒரு வெளியாளாக இருக்க விரும்புவதாகச் சொன்னார் என்று அதில் ஒரு வரி. அவர் கோபத்தில் எழுத்தாளரின் தொலைபேசி எண்ணை ட்விட்டரில் போட்டார். அது பிழை. ஆனால் அவரும் அந்தச் சந்திப்பை ஒலிப்பதிவு செய்திருந்தார். அந்தப் பொரியலை எடுக்கலாம் என்று சொன்னதே எழுத்தாளர்தான் என்பது ஒலிப்பதிவில் கேட்டது. பாடகியின் பேச்சின் துண்டுகள் வரிசை மாறி வந்திருந்ததைப் பத்திரிகையும் பிறகு ஆசிரியர் குறிப்பில் ஒப்புக்கொண்டது. ஒரு தட்டுப் பொரியலை வைத்து ஒரு மனுசியை எடைபோட்டது எனக்கு இன்றும் வலிக்கிறது. ஆனாலும் பிழையைப் பத்திரிகையே அச்சில் சொன்னது பெரிய விஷயம்.

வெளியிலிருந்து வருகிறவர்களுக்காவது இரண்டு பக்கம் கிடைக்கிறது. எங்கள் பொப்பிசைக்காரர்களிடம் யார் என்ன கேட்டோம்? ஏ. ஈ. மனோகரன் 2018 ஜனவரியில் காலமானபோது நான் வாசித்த அஞ்சலிகள் அநேகமாக 'சுராங்கனி' பாட்டு ஒன்றையே சுற்றிச் சுற்றி வந்தன. பைலா என்ற இலங்கைத் துள்ளிசைத் தாளத்தில் தமிழை எப்படிப் பொருத்தினார்கள், எத்தனை பேர் சேர்ந்து வாசித்தார்கள், மேடைக்கு என்ன சம்பளம், எந்தப் பாட்டு எடுபடாமல் போனது? அந்தத் தலைமுறையில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பொன்னாடை போர்த்திய படம் போதும், தயவுசெய்து ஒருவரை அனுப்பி ஆறுதலாக இருந்து கேட்கச் சொல்லுங்கள்.

உங்களிடம் நான் வேண்டுவது பெரிய காரியமில்லை. பேட்டியின் அடியில், கேள்விகள் முன்கூட்டியே அனுப்பப்பட்டனவா, அச்சுக்கு முன் யார் பார்த்தார்கள், பத்திரிகைக்கு நிகழ்ச்சியில் பங்கு உண்டா என்று இரண்டு வரி போடுங்கள். நிகழ்ச்சிக்கு விமர்சனம் எழுதப் போகிறவருக்கு இலவச அட்டை வாங்கிக் கொடுக்காமல் டிக்கட்டுக்குக் காசு கொடுத்து அனுப்புங்கள். முன்வரிசை சோபாவில் கேட்கிற சத்தம் வேறு, கடைசி வரிசையில் கேட்கிற சத்தம் வேறு. போன வருடம் ஓர் உள்ளரங்கில் கடைசி வரிசையில் இருந்த எங்களுக்கு ட்ரம்ஸைத் தவிர எதுவும் விளங்கவில்லை. அடுத்த நாள் எல்லாப் பத்திரிகையிலும் 'இசை வெள்ளம்'.

இந்த நிகழ்ச்சி வருகிற சனிக்கிழமை. மகளும் நானும் பின்வரிசையில் இரண்டு டிக்கட் எடுத்திருக்கிறோம். அதற்கடுத்த ஞாயிறு உங்கள் விமர்சனத்தை எதிர்பார்த்திருப்பேன்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.