பொரித்துவிட்டால் போதுமா?

ஆசிரியருக்கு,

டெங்கு காலத்தில் தண்ணீர்த் தாங்கிகளிலும் தோட்டத்துக் குட்டைகளிலும் நுளம்புக் குடம்பியைக் கொல்லும் டெமிபோஸ் மருந்து போடுகிறோம். மருந்து போட்ட பிறகும் தேரை முட்டை பொரிக்கிறதே, அதற்கென்ன கேடு என்று கேட்பவர்கள் உண்டு. பொரிப்பதை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது.

டெமிபோஸ் உடலுக்குள் போய் ஒட்சியேற்றப்பட்டு, அதிலுள்ள கந்தகத்தின் இடத்தில் ஒட்சிசன் வந்தபின்தான் முழு வலுவோடு அசற்றைல்கோலின்எஸ்ரரேசு நொதியத்தை முடக்கும். தசையைச் சுருங்கச் சொல்லி நரம்பு விடும் அசற்றைல்கோலினை உடைப்பது இந்த நொதியமே. முதல் கலப்பிரிவுகளின்போது முளையத்துக்கு நரம்புமில்லை, தசையுமில்லை. தாய் முட்டைக்குள் வைத்த ஆர்.என்.ஏ.யையும் கருவூணையும் கொண்டே வளர்ச்சி ஓடுகிறது. மருந்து முடக்குவதற்கு அங்கே அதிகம் இல்லை. வால் துடிக்கத் தொடங்கியபின் நிலைமை வேறு. உடைபடாத அசற்றைல்கோலின் தேங்கி, தசை தளராமல் இழுத்தபடியே இருக்கும். முளையத்தின் முதுகில் ஓடும் மென்மையான தண்டான முதுகுநாண் அந்த இழுவையில் வளையும். அத்தகைய வாற்பேத்தையும் பொரித்து வெளியே வரலாம், ஆனால் ஒழுங்காக நீந்தாது.

எல்லா இரசாயனமும் இப்படிப் பிந்தித் தாக்குவதில்லை. ஆபிரிக்க நகத்தவளையின் முளையத்தை 32 கல நிலையில் இலிதியம் குளோரைட்டில் சில நிமிடம் வைத்தெடுத்தாலே உடலமைப்பை வகுப்பதில் பங்குள்ள ஜிஎஸ்கே-3 நொதியம் தடைபட்டு, தலை மிகைத்து உடல் குன்றும். அதையே சில மணித்தியாலம் பிந்திக் கொடுத்தால் குன்றுவது தலை!

மருந்தைத் தவளை முளையங்களில் சோதித்துப் பார்க்கும் மாணவர்கள் தட்டுக்கு 25 முளையம், 10 மில்லிலீற்றர் கரைசல் என வைத்து, 24 மணித்தியாலத்துக்கு ஒருமுறை கரைசலை மாற்றி, 96 மணித்தியாலம் பார்ப்பது நியம முறை. இறந்தவற்றை அன்றன்றே அகற்றாவிட்டால் அழுகி மற்றவற்றையும் கொல்லும். டெமிபோஸ் நீரில் கரைவது அரிது. அசற்றோனில் கரைத்தால், அசற்றோன் மட்டும் கலந்த தட்டு ஒன்றும் கட்டாயம். குழாய்நீரின் குளோரீனை நீக்காமல் தொடங்கவே வேண்டாம். மருந்தில்லாத தட்டில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இறந்தால் அந்தச் சோதனையைத் தள்ளிவிடுங்கள்.

வீட்டில் பெரும்பாலும் பிழையாகிப்போவது மருந்தின் அளவு. 1 சதவீதம் டெமிபோஸ் உள்ள மணல்மருந்து 100 லீற்றருக்கு 10 கிராம் போட்டால் லீற்றருக்கு 1 மில்லிகிராம் வரும், அதுவே உச்ச அளவு. தாங்கியின் கொள்ளளவைப் பார்த்துப் போட்டு, நீர் பாதிதான் இருந்தால் செறிவு இரட்டிக்கும். தாங்கிச் சுவரில் மரத்தவளை முட்டையிட்ட நுரைக்கூடு தொங்கினால், அதிலிருந்து விழும் வாற்பேத்தைகள் நேரே அந்த நீருக்குள்தான் போகும். குட்டைகளுக்கு பி.டி.ஐ. பக்ரீரியா மருந்தே நல்லது. அதன் புரதம் நுளம்புக் குடம்பியின் காரத்தன்மையான குடலில்தான் நஞ்சாகிறது.

உயிரியல் ஆசிரியர்கள் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6