பல்லில் கடித்தே ஈரம் சொன்னவருக்கு ஒரு மடல்

எங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினர் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

வேட்புமனுவில் தொழில் என்ற இடத்தில் ‘விவசாயம், அரிசி ஆலை’ என்று எழுதியவர் நீங்கள். அந்த இரண்டையும் நம்பித்தான், வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்காரர்கள் எழுதுகிறோம். வேறொருவர் என்றால், கொள்முதல் நிலையம் நெல்லுக்கு வைத்திருக்கும் 17 சதவீத ஈரப்பத வரம்பு என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். நீங்கள் நெல்லைப் பல்லில் கடித்தே ஈரம் சொல்கிறவர்.

கேட்பது ஒன்றுதான்: கொள்முதல் நிலைய வாசலில் நெல் உலர்த்தும் இயந்திரம்.

ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தாலும் கடைமடைக் குறுவை அறுப்பு ஐப்பசி மழையில்தான் மாட்டுகிறது. சேற்றில் பெல்ட் அறுவடை வண்டி அறுத்துக் கொட்டும் நெல் 22 சதவீத ஈரம் காட்டும். ‘காய வைத்துக் கொண்டு வா’ என்கிறார்கள் நிலையத்தில். எங்கே? திருப்பிவிட்ட குவியலெல்லாம் இப்போதும் தார்ச்சாலை ஓரம் கிடக்கிறது.

தூறினால் படுதா போட வேண்டும். போட்டால் குவியல் வியர்க்கும். ஓர் இரவு கழித்து முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள், வெந்நீர்ப் பானைபோல் சுடும். படுதாவின் உட்பக்கம் கோத்த நீர் திரும்ப நெல்லிலேயே சொட்டும். குறுகிய வயது ரகத்துக்கு விதையுறக்கம், அதாவது முளைக்காமல் பொறுத்திருக்கும் காலம், குறைவு. மூன்று நான்கு நாளில் அடிநெல் வெள்ளையாக மூக்கு நீட்டிவிடும். முளைக்காதது பழுப்பேறும். சுள்ளென்ற வெயிலில் சாலையில் காய்ந்ததோ உள்ளே கீறல் விட்டு, அரைக்கும்போது நொய்யாகக் கொட்டும். அந்த நொய்யைக் காட்டித்தானே அன்று உங்கள் ஆலையில் எங்கள் விலையைக் குறைத்தீர்கள்?

22 சதவீதத்தில் 1,000 கிலோ நெல், 17-க்கு வந்தால் 940 கிலோ. 40 கிலோ சிப்பத்தில் ஒன்றரைச் சிப்பம் போகிறது. போகட்டும், தண்ணீருக்கு நாங்கள் காசு கேட்கவில்லை. மீதி இருபத்து மூன்றரைச் சிப்பம், 2025-26 சாதா ரக விலை குவிண்டால் 2,500 என்று வைத்தால் 23,500 ரூபாய். அதுதான் படுதாவுக்கடியில் முளைக்கிறது. இயந்திரத்தில் மணிக்கு ஒரு சதவீதம் இறங்கினாலும் ஐந்து மணி நேர வேலை.

ஈரப்பத வரம்பைத் தளர்த்தச் சொல்லி டெல்லிக்குக் கடிதம் போகும், குழு வரும், மாதிரி எடுத்துப் போகும். முளை அதுவரை காத்திருக்காது. நனைந்த நெல்லை அள்ளிப் படம் பிடித்துக்கொள்ள எல்லாக் கட்சிக்காரரும் பச்சைத் துண்டோடு வருகிறார்கள். துண்டு மட்டும் நனைவதே இல்லை. 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் வந்தது. எங்கள் நிலையத்துக்குக் கூரை போட்ட களம் இன்னும் வரவில்லை. சாக்கு இல்லை, லாரி இல்லை, சிப்பத்துக்கு இவ்வளவு என்று நீளும் கை மட்டும் தவறாமல் இருக்கிறது.

மன்னிக்கவும், மடல் எங்கோ போகிறது. கேட்க வந்தது உலர்த்தும் இயந்திரம்.

தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி. அதிலோ, வேளாண் பொறியியல் துறை வழியாகவோ, மூன்று நிலையத்துக்கு ஒன்றென நடமாடும் இயந்திரமாவது அடுத்த குறுவை அறுப்புக்குள் வர ஏற்பாடு செய்யுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். டீசல் செலவைச் சிப்பக் கணக்கில் கொடுத்துவிடுகிறோம், ரசீது தந்தால். ஈரம் பார்க்கும் மீட்டரின் முகமும் கொஞ்சம் எங்கள் பக்கம் திரும்பியிருக்கட்டும்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயிகள்