ஒப்பரேசன் திகதி தவறக்கூடாது: வன்னிப் பெண்களுக்கான பயண, தங்குமிட நிதிக்கு உதவுங்கள்

அன்புடையீர்,

மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் எங்கள் ஊர்ப் பெண்கள் முதலில் செய்வது அதை மறைப்பதுதான். அரிவு வெட்டு முடியட்டும், கச்சான் பிடுங்கி முடியட்டும், மூத்தவளின் சோதனை முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போவார்கள். நோகத் தொடங்கிய பிறகுதான் குடும்பநல உத்தியோகத்தரிடம் வாய் திறப்பார்கள். ஆரம்பத்தில் மார்பகப் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் நோகாது. பொல்லாப்பே அதுதான்.

அதன்பிறகு ஸ்கான், மார்பை எக்ஸ்றே எடுக்கும் மமோகிராம், கட்டியில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பயோப்சி, மயக்க மருந்து வைத்தியரின் பரிசோதனை, கடைசியில் ஒப்பரேசன் தியேட்டர் நாள். அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசு கட்டத் தேவையில்லை, உண்மை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு திகதி உண்டு. ஒன்று தவறினால் பின்னால் உள்ளவை எல்லாம் தள்ளிப்போகும். கூலி வேலைக்குப் போகும் ஒரு தங்கச்சிக்கு அப்படித்தான் ஆனது. பயோப்சி முடிவு வந்து கிடந்தது. பஸ் காசும் இல்லை, பிள்ளைகளைப் பார்க்க ஆளும் இல்லை. பிந்திப் போனபோது கிளினிக் கொப்பியில் பழைய திகதியை வெட்டிவிட்டு, பக்கத்தில் புதுத் திகதி எழுதிக் கொடுத்தார்கள். அதில் வைத்தியசாலையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பட்டியலில் அவருக்குப் பின்னாலும் ஆட்கள் நின்றார்கள்.

நோய்க்குறியோடு வருபவருக்கு 60 நாட்களுக்குள் என்ன நோய் என்று கண்டுபிடித்துவிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. சத்திரசிகிச்சை 4 வாரம் பிந்தினால் இறக்கும் ஆபத்து ஒப்பீட்டளவில் 6 முதல் 8 வீதம் கூடுகிறது என்று பல புற்றுநோய்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2020இல் சொன்னது. ஒரு கிழமை முன்பின்னானதற்குப் பதறத் தேவையில்லை. சிலருக்கு முதலில் மருந்தேற்றிக் கட்டியைச் சுருக்கிய பிறகே வெட்டுவார்கள். அது தாமதமல்ல, அதுவும் சிகிச்சைதான். மாதக்கணக்கில் இழுபடுவதுதான் ஆளைத் தின்கிறது.

தியேட்டர் பட்டியலைக் குறைக்க எங்களால் முடியாது. அதற்கு வைத்தியர்களும் தாதியரும் கட்டில்களும் வேண்டும். அது அரசாங்கத்தின் வேலை. ஆனால் கொடுத்த திகதிக்கு ஆள் அங்கே நிற்பது எங்கள் கையில் இருக்கிறது.

முல்லைத்தீவிலிருந்து, புற்றுநோய் வைத்தியசாலை இருக்கும் தெல்லிப்பழை 100 கிலோமீற்றருக்கு மேல். உட்கிராமத்திலிருந்து வருபவர் பரந்தனில் ஒரு பஸ், யாழ்ப்பாணத்தில் இன்னொரு பஸ் மாற வேண்டும். ஒப்பரேசன் முடிந்து, கை தூக்க முடியாமல், தையலோடும் நீர் வடியும் குழாயோடும் திரும்பி வருவதை யோசித்துப் பாருங்கள். கதிர்ச்சிகிச்சை என்றால் கிழமைக்கு 5 நாள், 3 முதல் 5 கிழமை வரை. தினமும் போய் வரவே முடியாது.

ஆகவே இரண்டு காரியம் செய்யப் போகிறோம். திகதி உள்ளவர்களைச் சேர்த்து வாடகை வானில் கூட்டிப்போய்க் கூட்டிவருவது ஒன்று. தெல்லிப்பழையில் ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுத்து, நோயாளியும் துணைக்கு நிற்பவரும் சமைத்துச் சாப்பிட்டுத் தங்க வழி செய்வது மற்றது. சொந்தமாக வானே வாங்கலாமே என்று வெளிநாட்டில் இருக்கும் சில உறவுகள் கேட்டார்கள். மனதுக்கு நன்றி. ஆனால் சாரதி, காப்புறுதி, டயர் என்று செலவு ஏறி, கடைசியில் வேப்பமரத்தின் கீழ் நிற்கும் வாகனங்களை எங்கள் ஊரிலேயே பார்த்துவிட்டோம்.

தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையும் பொதுமக்கள் பணத்தில் எழுந்ததுதான். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்த நடைபயணத்தில் நாடு முழுவதும் சேர்த்த காசு அது. எங்களுக்குத் தேவை அதில் ஒரு துளி.

மாதம் 500 ரூபாய் என்றாலும் தொடர்ந்து தருபவர்களே எங்களுக்குப் பெரிய பலம். வீட்டு வாடகை மாதாமாதம் வரும் அல்லவா. நெல்லாகவோ அரிசியாகவோ தந்தாலும் வாங்குவோம், தங்குமிடத்துக்கு அது வேண்டும். பற்றுச்சீட்டு இல்லாமல் யாரிடமும் காசு கொடுக்க வேண்டாம். வங்கிக் கணக்கில் இருவர் கையொப்பமிட்டால்தான் பணம் எடுக்கலாம். வரவு செலவு மாதாந்தம் வாசிகசாலைப் பலகையில் ஒட்டப்படும். நோயாளிகளின் பெயர் அதில் வராது.

கணக்கு விபரத்தை மாதர் சங்கச் செயலாளரிடம் பெற்றுக்கொள்ளலாம். திகதி கிடைத்தும் போக வழியில்லாமல் இருப்பவர்களும் அவரிடமே வரலாம். கிளினிக் கொப்பியை மட்டும் கையில் கொண்டு வாருங்கள், அப்புறம் மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

நிதிக்குழுவினர்