அரிசிக் கணக்கின் உள்ளே

அன்புள்ள பாலு,

கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே சௌக்கியம்தான். மாடி ஒழுகுவது மட்டும் நிற்கவில்லை. கொத்தனார் நாளைக்கு, நாளைக்கு என்கிறார்.

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு அரிசி, அடுத்ததில் இரண்டு என்று 64 கட்டத்துக்கும் இரட்டிப்பாக்கிக் கூட்டி, உன் பேரன் 18446744073709551615 என்று விடை எழுதியது முழுக்கச் சரி. இவ்வளவு அரிசியா என்று எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். எனக்கு அந்த எண் உடைகிற விதம்தான் பிடிக்கும்.

அது 2⁶⁴−1. நாம் பள்ளியில் படித்த a²−b² சூத்திரம் போதும்: (2³²+1)(2³²−1). பின்னதை மறுபடி அப்படியே உடை. உடைத்துக்கொண்டே போனால் 3, 5, 17, 257, 65537, 4294967297 என்று ஆறு எண்கள் கையில் நிற்கும். ஒன்றில் 1 கழித்து, வர்க்கமாக்கி, 1 கூட்டினால் அடுத்தது வரும். முதல் ஐந்தும் பகா எண்கள். இந்த வரிசையில் வருவதெல்லாம் பகா எண்தான் என்று கணித மேதை ஃபெர்மா நம்பினார்; 1640-இல் கடிதத்திலும் எழுதினார். 1732-இல் இன்னொரு கணித மேதை ஆய்லர் ஆறாவதை உடைத்துவிட்டார்: 641 × 6700417.

கண்டபடி வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. அந்த ஆறாவது எண்ணை வகுக்கும் பகா எண் எதுவானாலும், அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவதிலேயே அகப்பட்டுவிடும்!

641 அதை மீதியின்றி வகுக்கும் என்பதைப் பெருக்கிப் பார்க்காமலே காட்டலாம். 641 = 5×2⁷+1. ஆகவே 641-ஆல் வகுக்கும்போது 5×2⁷ என்பதும் −1 என்பதும் ஒன்றுதான். நான்காம் அடுக்குக்கு உயர்த்து: 5⁴×2²⁸ என்பது 1. ஆனால் 641 = 625+16, அதாவது 5⁴+2⁴. ஆக 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடலாம். −2³² என்பது 1 ஆகிறது, 2³²+1 பூஜ்யமாகிவிடுகிறது, அதாவது மீதி இல்லை. சீட்டின் பின்பக்கத்தில் முடிகிற கணக்கு. இதைவிட அழகான நாலு வரியை நான் பார்த்ததில்லை.

அந்த முதல் ஐந்துக்கு இன்னொரு பெருமை உண்டு. கவராயமும் நேர்விளிம்பும் மட்டும் வைத்து 17 பக்க ஒழுங்குப் பலகோணம் வரையலாம் என்று 1796-இல் காட்டியபோது கணித மேதை காஸுக்கு 19 வயதுகூட நிரம்பவில்லை. பக்கங்கள் ஒற்றைப்படையானால், இந்த வரிசையின் பகா எண்ணாகவோ, அவற்றில் வெவ்வேறானவற்றின் பெருக்கலாகவோ இருந்தால்தான் வரைய முடியும். ஐந்தையும் பெருக்கினால் 4294967295. அப்படி வரைய முடியும் என்று தெரிந்த ஒற்றைப்படைப் பக்கங்களில் இதுதான் மிகப் பெரியது. இந்த வரிசையில் ஆறாவதாக ஒரு பகா எண் இதுவரை அகப்படவில்லை. வரைந்தாலும் வட்டத்துக்கும் அதற்கும் யார் வித்தியாசம் கண்டுபிடிப்பது!

பேரனுக்கு ஒரு வேலை கொடு. அரிசிக் கணக்கோடு 2 கூட்டினால் வரிசையின் அடுத்த எண், 2⁶⁴+1. அதை 274177 மீதியில்லாமல் வகுக்கும். கால்குலேட்டரை நம்ப வேண்டாம், கடைசி இலக்கங்களை விழுங்கிவிடும். கையால் வகுக்கச் சொல், ஈவை எனக்கு எழுதி அனுப்பு.

பங்குனியில் ஊர்ப்பக்கம் வருவாயா?

அன்புடன்,
ராமு