சோற்றுத் தட்டில் இருக்கும் ஆராய்ச்சி

ஆசிரியருக்கு,

பல்கலைக்கழக ஆய்வு என்றாலே ராக்கெட், ரோபோ என்றுதான் செய்தி வருகிறது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அது சோற்றுத் தட்டில் இருக்கிறது. எங்கள் வீட்டில் வடிக்கும் சிவப்பரிசி ஜோதி. பட்டாம்பி நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பிடிபி 10, ஐ.ஆர். 8 என்ற இரண்டு நெல் ரகங்களைக் கலந்து உருவாக்கிய ரகம். மலபார் சென்னை மாகாணத்தோடு இருந்தபோது, 1927-ல் தொடங்கிய நிலையம் அது. இப்போது கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது.

அங்கே தேர்ந்தெடுத்த பிடிபி 33 என்ற நெல், புகையான் என்ற சாறு உறிஞ்சும் பூச்சிக்கு லேசில் அசையாது. அந்தக் குணத்துக்காகவே வெளிநாட்டு நெல் ஆராய்ச்சியாளர்களும் அதைத் தேடி எடுத்தார்கள். நடுவயலில் வட்டம் வட்டமாகத் தீ வைத்தது போல் பயிர் கருகி நிற்பதைப் பார்த்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். அப்புறம் மிளகு: உலகின் முதல் கலப்பின மிளகான பன்னியூர்-1 கண்ணூர் மாவட்டத்தில் பிறந்தது. ஏலக்காய்க்கு இடுக்கி பாம்பாடும்பாறையில் தனி நிலையமே உண்டு.

சரி, ஒரு குறை. போன மாதம் ஓர் அலுவலகத்தில் நெல் நோய் பற்றித் துண்டுப் பிரசுரம் கேட்டேன். மலையாளத்தில் மட்டும்தான் இருந்தது. மலையாளம் பேசுவதில் எனக்குச் சிரமமில்லை, வாசிக்கத்தான் வராது. பத்து லிட்டர் தண்ணீருக்கு எத்தனை மில்லி மருந்து என்று தெரிந்துகொள்ள, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தியைக் கூப்பிட்டேன். எல்லைத் தாலுகாக்களுக்காவது நாலு பக்கம் தமிழில் அச்சடித்துத் தரலாமே.

– ஒரு நெல் விவசாயி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்